ஆத்தூர்ச் சமவெளியில் பதினெட்டுக் குழிகள்

ஆகஸ்டு 6, செவ்வாய்

இன்று மதியம் ‘ஆத்தூர்ச் சமவெளி’யை அனுப்பிவைத்தேன். கணினியில் ஆடும் கோல்ஃப் விளையாட்டுக்காக நான் வடிவமைத்த நான்காவது மைதானம். உலகின் முன் வைக்கத் தகுதியுடைய முதல் மைதானம் என்பது என் தாழ்மையற்ற கருத்து. ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்குக் கீழே உள்ள நிலத்தின் மேடுபள்ளங்களைச் செயற்கைக்கோள் அளவுகளிலிருந்து எடுத்தேன். ஐயம் எழுந்த இடங்களில் நேரில் நடந்து பார்த்தேன். மேற்கே மலைத்தொடர் நீலமாக நிற்கிறது. வேலியோரச் சீமைக்கருவேலத்தைக்கூட விட்டுவிடவில்லை. அதற்கும் ஒரு நியாயம் வேண்டுமல்லவா.

நவம்பரில் பல நாட்டார் இணையத்தில் ஆடும் போட்டிக்கு ஒரு புதிய மைதானத்தை விளையாட்டின் தேர்வுக் குழு தெரிவு செய்யும். நிபந்தனை ஒன்றே: மெய்யான நிலம் எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறே அதுவும் நடந்துகொள்ள வேண்டும். தேர்வானால், ஆட்டம் தொடங்குமுன் திரையில் ‘வடிவமைப்பு: ஒ. கௌசல்யா, திண்டுக்கல்’ என்று வரும்.

ஃப்ளெக்ஸ் கடையில் இத்தனை காலமாக ஊருக்கே பலகை வடிவமைக்கிறேன். இறந்தவர் பெயர் வருகிறது, மணமக்கள் பெயர் வருகிறது, வாழ்த்துவோர் என்ற தலைப்பில் தெருவே வருகிறது. என் பெயர் ஒரு மூலையிலும் வந்ததில்லை. இம்முறை வர வேண்டும். வேறு ஆசை எதுவும் இப்போதைக்கு எனக்கு இல்லை.

ஆகஸ்டு 7, புதன்

சடையாண்டி என்பவர் பேரனின் காதணி விழாவுக்குப் பலகை வேண்டி வந்தார். என் திரையில் ஏழாம் குழி திறந்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இது எந்தூரு வெள்ளாமத்தா? களையே காணமே.”

விளக்கினேன். செவிமடுத்தார் என்று சொல்வதற்கில்லை. “இதவே பின்னாடி போட்டுரு. ரெண்டு பக்கமும் சிங்கம் மட்டும் விட்டுறாத” என்றார்.

ஆக, என் ஏழாம் குழியின்மீது பொன் சிம்மாசனம் இட்டு, மொட்டையடித்த குழந்தை ஒன்று இரு சிங்கங்களுக்கிடையே வீற்றிருக்கிறது. ஆத்தூர்ச் சமவெளியின் முதல் பொதுக்காட்சி. மண்டப வாசலில் நாளை நடுகிறார்கள்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

தம்பி அய்யனார் ரெட்டியார்சத்திரத்திலிருந்து கத்தரிக்காயோடு வந்தான். ஆடிப் பார்க்கச் செய்தேன். கணினி எலியைப் பிடித்து மண்வெட்டிபோல் வீசினான். ஆயினும் பந்து போய்ச் சேர்ந்தது.

“ஏக்கா, எங்கிட்டு அடிச்சாலும் உள்ள போயிருதே!”

குழியைச் சுற்றி ஒட்ட மழித்த புல்திட்டு ஒன்று இருக்கும். கிரீன் என்பார்கள், நான் குழித்திடல் என்று பெயரிட்டிருக்கிறேன். அதை மட்டும் அவன் உற்றுப் பார்த்தான். நாலாபுறமும் மெல்லிய கரை, நடுவில் சமமான தாழ்வு.

“நல்லாப் பாத்தி கட்டியிருக்கக்கா. ஒரு சொட்டு வெளிய போவாது.”

விவசாயியின் வாயிலிருந்து பாராட்டு. கணவர் சிவபிரகாஷ் மட்டும் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “அம்புட்டுப் பேரும் ஒரே அடியில உள்ள போட்டா, அப்புறம் என்ன விளையாட்டு?” என்றார். நூற்பாலையில் மேற்பார்வை செய்பவருக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடித்தாக வேண்டும். என் மைதானத்தில் என்னை இதுவரை எவரும் வென்றதில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன். “ஒன் மைதானத்துல ஒன்னத்தவிர யாரு ஆடுனா?” என்றார்.

கத்தரிக்காய் வெஞ்சனத்தில் உப்புக் குறைந்திருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகஸ்டு 19, திங்கள்

தேர்வுக் குழுவிலிருந்து அழைப்பு. தமிழ்ப் பேச்சு! குழுவில் ஒரு தமிழச்சி இருப்பது எனக்குத் தெரியாது.

“கோயமுத்தூர்ல இருந்து தேவதர்ஷினி பேசறனுங்க. உங்க மைதானம் அவ்வளவு அழகா இருக்குதுங்க. எங்காளுக எல்லாரும் அந்த மலையவே பாத்துட்டு இருந்தாங்க.”

நன்றி நவின்றேன்.

“ஒரே ஒரு சந்தேகமுங்க. கிரீன் பதினெட்டையும் கிண்ணமாட்டப் பண்ணியிருக்கறீங்க. ஓரமெல்லாம் மேடு, நடுவால பள்ளம். பந்து எங்க உழுந்தாலும் உருண்டு குழிக்கே வந்துருதுங்க.”

நிலத்தைக் கட்டும் முறை அதுவே என்றேன்.

“அப்ப மழ பேஞ்சா, தண்ணி எங்கீங்க போகும்?”

“எங்கும் போகாது. போகக் கூடாது. கரை கட்டியிருப்பது அதற்குத்தான்.”

பிறகு மிக மென்மையாக, “நீங்க கோல்ஃப் ஆடியிருக்கறீங்களாங்க?” என்று கேட்டாள்.

“ஆயிரம் முறை.”

“அது கம்ப்யூட்டர்லீங்க. நான் கேக்கறது... கால் வெச்சு, புல்லுல நின்னு.”

செப்டம்பர் இறுதிக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடியும் பார்ப்பார்களாம். இந்த நிலையில் போட்டிக்கு ஏற்க இயலாதாம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு ‘ங்க’. அடிப்பதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு வருபவள் போல.

ஆகஸ்டு 20, செவ்வாய்

கால் வைத்து ஆடியிருக்க வேண்டுமாம். அப்படியானால், கண்ணீர் அஞ்சலிப் பலகை வடிவமைக்க நான் ஒருமுறை செத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். இந்த மென்பொருளை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. புரியாத மொழியில் பேசிய காணொளிகளை நிறுத்தி நிறுத்தி, பேசுபவரின் விரலைப் பார்த்துக் கற்றேன். புல்லின் நிழல் எந்நேரத்தில் எப்பக்கம் விழும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?

தண்ணிய வெளிய விடணுமாம்ல. இவ என்னைக்காச்சும் லாரிக்குப் பின்னாடி கொடத்தத் தூக்கிட்டு ஓடியிருப்பாளா? ரெண்டு கொடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி முடியப் பிடிச்சிருப்பாளா? நின்ன தண்ணியத் தொறந்து விடுன்னு எந்த ஊர்ல சொல்லுவாக? கோயமுத்தூர்ல சொல்லுவாக. சிறுவாணித் தண்ணி குடிக்கிற வாயி.

— மேற்படி பத்தியை அடித்துவிடலாமா? வேண்டாம். இருக்கட்டும்.

ஆகஸ்டு 21, புதன்

அவளுக்குப் பதில் எழுதினேன், அழித்தேன். மீண்டும் எழுதினேன், அது முன்னதைவிட மோசம்.

ஆகஸ்டு 27, செவ்வாய்

விளையாட்டில் வானிலை என்றொரு பொத்தான் உண்டு. வெயில், மேகம், காற்று, மழை. நான்கு மைதானங்களிலும் நான் வெயிலைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. திண்டுக்கல்லில் வசிப்பவள் மழையை ஏன் சோதிக்கப் போகிறாள்? வராத விருந்தாளிக்கு இலை போடுவதில்லை.

இன்று தொட்டேன். அவள் சொன்னது பொய் என்று நிறுவுவதே நோக்கம்.

பதினெட்டுக் குளங்கள். மிகை எதுவுமில்லை, பதினெட்டும் குளங்கள். கரை சற்றும் உடையவில்லை, அவ்வளவு நேர்த்தி. கொடிக்கம்பம் பாதி மூழ்கி நின்றது. பந்து விழுந்தது, நீர் தெறித்தது, ‘நீரில் விழுந்தது: ஓர் அடி அபராதம்’ என்று விளையாட்டு அறிவித்தது. மறுபடி அடித்தேன். மறுபடி அபராதம். ஆட்டத்தை முடிக்கவே இயலாது. குழி நீருக்கடியில் இருக்கிறது.

சிவபிரகாஷ் பின்னால் வந்து நின்றதை நான் அறியவில்லை.

“நடவு போடலாம் போலயே” என்றார்.

ஆகஸ்டு 28, புதன்

தப்புத்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஒரு குழித்திடலையாவது கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். காரணத்தைக் கணவரிடம் சொல்லவில்லை; குளிர்ச்சியாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். மலையேறும் பேருந்தில் எனக்கு இருமுறை குமட்டியது. அவருக்கு எதுவும் ஆகவில்லை; அதை வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மலைமேல் இருக்கும் மெய்யான கோல்ஃப் மைதானத்தின் வாசலில் காவலாளி மறித்தார்.

“மெம்பரா?”

“வடிவமைப்பாளர்” என்றேன்.

அவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். “டிசைனரா? உள்ள கல்யாணம் எதுவும் இல்லையேம்மா.”

சிவபிரகாஷ் சிரிப்பை அடக்குவதாக நினைத்துக்கொண்டு இருமினார். வேலியோரமாக நடந்தோம். சாரல் தொடங்கி, நல்ல மழையாகவே வலுத்தது. குடை கொண்டுவரவில்லை. வேலிக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் ஒரு குழித்திடல்.

அது கிண்ணமன்று. கவிழ்த்த தட்டுமன்று, நான் அப்படித்தான் ஊகித்திருந்தேன். ஒரு பக்கம் தோள்போல் உயர்ந்து, முதுகுபோல் சரிந்து, இடையில் நெளிந்து, நீர் எதிர்பாராத ஓர் ஓரமாக வழிந்து கீழே புதருக்குள் போனது. எங்கும் நிற்கவில்லை. எந்தக் கரையும் அதைத் தடுக்கவில்லை. இத்தனை நல்ல தண்ணீர், கேட்பாரின்றி. ஆயினும் மழை விட்ட சற்று நேரத்தில் அந்தப் புல்லின்மேல் ஒரு பெரியவர் வந்து நின்று பந்தை உருட்டினார். அவருடைய செருப்பில் சேறு இல்லை.

பந்து குழிக்குப் போகவில்லை. போகிறாற்போல் போய், அந்த நெளிவில் மனம் மாறி, இறங்கி ஓடிவிட்டது. பெரியவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். தெளிவாகக் கேட்டது.

“இதுக்குப் பேருதான் விளையாட்டு” என்றார் சிவபிரகாஷ், தலையைத் துவட்டியபடி. நான் அந்த நெளிவை உள்ளங்கையில் விரலால் வரைந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் திடலின் கரையை இடித்தேன். கணினியில் ஒரு சொடுக்கு. அதற்கே கை தயங்கியது.

செப்டம்பர் 12, வியாழன்

கரையை இடித்தால் போதும் என்று எண்ணியது பேதைமை. நீரை எப்பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அனுப்பிய நீர் அடுத்த குழியின் மணற்பள்ளத்தில் போய் நிற்கிறது. அங்கிருந்து திருப்பினால் பாதை ஊறிவிடுகிறது. தேக்குவதற்கு ஒரு கை மண் போதும். போக்குவதற்கு முழு நிலத்தையும் படித்தாக வேண்டியிருக்கிறது. பிடிவாதமாக மழையை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். கடையில் முதலாளி, “என்னக்கா, ஒங்க டிவில மட்டும் தெனமும் மழையா இருக்கு” என்கிறார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அய்யனார் வந்தான். திருத்தியதைக் காட்டினேன். மழையையும் இயக்கிக் காட்டினேன். நீர் திடலைவிட்டு வழிந்து, புல்வெளி ஓரமாக இறங்கி, ஓடை சேர்ந்தது. அவன் முகம் போன போக்கு!

“ஏக்கா, நெசமாத்தான் பண்றியா? கட்டுன கரையப் பூராம் வெட்டிவிட்டு, இம்புட்டுத் தண்ணியையும் வெளிய விட்டுட்டியே. அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன வீட்டுக்குள்ள விடமாட்டாரு.”

இது விவசாயமன்று, விளையாட்டு என்று விளக்கினேன்.

“என்னமோ பண்ணு. இந்தப் பாவத்த நான் பாக்கல” என்று எலியைக் கீழே வைத்தான். மறுபடி ஆடவும் மறுத்துவிட்டான். மழையைக் காட்டுமுன் ஒரு முறை ஆடியிருந்தான். பந்து ஓடைக்குள் போய்விட்டது. உண்மையான காரணம் அதுவாக இருக்கலாம்.

செப்டம்பர் 30, திங்கள்

அனுப்பிவிட்டேன். உடன் ஒரு குறிப்பும் இணைத்தேன்: ‘தங்கள் கருத்துகளுள் ஒரு பகுதி பரிசீலிக்கப்பட்டு, தக்க மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன.’

ஒரு பகுதி! பதினெட்டுத் திடல்களையும் வேரோடு பிடுங்கி மறுபடி நட்டிருக்கிறேன். ஆனாலும் எழுத்தில் அதற்கு மேல் என்னால் இறங்க இயலவில்லை. இறக்கம் எல்லாம் மைதானத்திலேயே செலவாகிவிட்டது.

அக்டோபர் 9, புதன்

பதில் இல்லை. காதணி விழாப் பலகை இன்னும் மண்டப வாசலில் அவிழ்க்கப்படாமல் தொங்குகிறது என்று கணவர் சொன்னார். சிங்கம் ஒன்றின் முகத்தில் கட்சிச் சுவரொட்டியாம்.

அக்டோபர் 17, வியாழன்

அவளேதான் அழைத்தாள்.

“ஏனுங்க, என்னங்க இப்படிப் பண்ணிப் போட்டீங்க? மூணாவது குழியில எனக்கு ஏழு அடி ஆச்சுங்க. நாலுல முடியோணும். எங்கூட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து சிரிக்கறாரு.”

இப்போது நான் மிக மென்மையாக, “தண்ணீர் எங்கே போகிறதென்று பார்த்தீர்களா?” என்றேன்.

“அதப் பாத்துத்தானுங்க பந்து எங்க போகுமுன்னு கண்டேன். கண்டு என்ன பண்ண, கை கேக்கோணுமே.” பிறகு, “கால் வெச்சு ஆடலியான்னு அன்னிக்குக் கேட்டுட்டனுங்க. கேட்டிருக்கக் கூடாதுங்க” என்றாள்.

“கேட்கலாம். நீங்கள் கேட்டிராவிட்டால் இப்போது பதினெட்டுக் குளங்களுக்கு மீன் குத்தகை விட்டிருப்பேன்.”

அவள் சிரித்தது நெடுநேரம் கேட்டது. பிறகே நினைவு வந்தவள்போல், குழு ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாள். அதை முதலில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். அலைபேசியை வைத்த பிறகு கண் கரித்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

போட்டி. பெயர் வந்தது. ஒ. கௌசல்யா, திண்டுக்கல். பெயர் மறைவதற்குள் சிவபிரகாஷ் அலைபேசியில் படமெடுத்துவிட்டார். கட்டைவிரல் பாதியை மறைத்திருக்கிறது, ‘கௌச’ வரை தெரிகிறது.

வடிவமைப்பாளரும் ஆடலாம் என்பது விதி. ஆடினேன். தொடங்கிய சற்று நேரத்தில் நடத்துவோர் மழையை இயக்கிவிட்டார்கள்.

ஒன்பதாம் குழியில் என் பந்து திடலின் தோளில் விழுந்தது, யோசித்தது, நானே வரைந்த நெளிவில் திரும்பி, நானே வெட்டிய வழியில் இறங்கி, ஓடைக்குள் போயிற்று. பதினொன்றில் மறுபடியும். எந்தச் சரிவு எங்கே இருக்கிறது என்று என்னைவிட நன்கு அறிந்தவர் உலகில் இல்லை; அந்த அறிவு ஓர் அடியைக்கூட மிச்சப்படுத்தவில்லை. பதினாலாம் குழியில் ஒரு வெளிநாட்டார் அரட்டைப் பெட்டியில் திட்டி எழுதியிருந்தார். மொழிபெயர்த்துப் பார்த்தேன்: இதைக் கட்டியவன் ஒரு கொடூரன். கட்டியவள் என்று திருத்தி அனுப்பினேன்.

முடிவுப் பட்டியலில் தேவதர்ஷினி நடுவில் எங்கோ. நான் கடைசி.

கணவர் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன, செயிச்சியா?”

“இல்லை. கடைசி.”

“அப்புறம் என்னத்துக்கு இப்பிடி இளிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?”

திரையைக் காட்டினேன். ஆட்டக்காரர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டிருந்தார்கள். ஆத்தூர்ச் சமவெளியில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. திடலில் ஒரு சொட்டும் நிற்கவில்லை.