ராணி ஆடவில்லை

வெள்ளிக்கிழமை, இரவு

முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கால்தான். கல்யாண ஊர்வலத்தில் ஆடும்போது எங்கள் குதிரை ராணி முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். இன்று பஜாரில் வலது காலை மட்டுமே தூக்கியது. நேற்று அடித்த லாடத்தின் ஆணி சதையில் ஏறியிருக்கும். அப்பாவிடம் சொல்வதற்குள் கவுன்சிலர் வந்துவிட்டார்.

பஜாரில் குதிரை வண்டிச் சவாரி விடலாமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடாது என்று சிலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி இல்லையென்றால் ராணியை விற்பதைத் தவிர வழியில்லை என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். இதை எழுதும் இந்நேரம் அவர் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

"ஏலே, குதிர ஆடுதுடா!" என்று பையன்கள் விசிலடித்தார்கள்.

கவுன்சிலரும் சிரித்துவிட்டார். "வதைக்கிறாகன்னுல்ல மனு குடுத்திருக்காக? இது குஷியால்ல ஆடுது!"

"எம் மக பழக்குனதுங்கய்யா," என்றார் அப்பா.

"அப்படியா பாப்பா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் அந்தக் காலோடு நாளைக்கே சவாரி. இல்லை என்றால் ராணியே இருக்காது. குனிந்து, ராணியின் வலது காலை மடக்கித் தூக்கி, ஆணி ஏறிய இடம் கவுன்சிலருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றேன்.