பழுப்புத் தாளில் பதினாறு நாடுகள்

குளியலறைக் கதவின் கீல் உடைந்துவிட்டது. புதிது வாங்க நேற்று வேங்கிக்காலில் ஒரு இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவருக்காகக் கடைக்காரர் ஆணிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். புது ஆணியில் தடவியிருக்கும் எண்ணெயும் பழுப்புத் தாளும் கலந்த வாசனை. "சார், உங்களுக்கு எத்தினி இஞ்ச்?" என்று அவர் இரண்டு முறை கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை. கீல் வாங்காமலே வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கடை அப்படித்தான் மணக்கும். சின்னக்கடைத் தெருவில், உன் அப்பா உனக்கு விட்டுப்போன கடை. தாலுகா ஆபீஸில் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவேன். நீ ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டு, தராசுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவாய்.

எண்பத்தாறு ஜூன் மாதம். மெக்சிகோவில் கால்பந்து உலகக் கோப்பை. முதல் சுற்று முடிந்த மறுநாள் ஆணி சுற்றும் தாளில் பெரிதாக ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்தாய். நாலு மூலையிலும் எடைபோடும் படிக்கல் வைத்தாய். "இந்த வாட்டி பதினாறு டீமுக்கு நாக்-அவுட்டுடா. தோத்தா வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே பதினாறு நாடுகளின் பெயர்களை எழுதி, இரண்டிரண்டாகக் கோடு போட்டு இணைத்தாய். சிவப்புப் பேனா உனக்கு, நீலம் எனக்கு. யார் ஜெயிப்பார் என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி.

அந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட நாம் பார்க்கவில்லை. நாம் தூங்கும்போது அங்கே ஆடினார்கள். காலையில் ரேடியோவில் முடிவு மட்டும் வரும். எப்படி ஆடினார்கள் என்பது அதற்கு மறுநாள், மெட்ராஸ் பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரில் இருக்கும். நீ அதை ஒரு வரி விடாமல் படித்து எனக்குச் சொல்வாய். எவன் இடதுபக்கம் ஓடினான், எவன் பந்தை நிறுத்தினான் என்று நீ சொல்லும்போது உன் இடதுகால் ஸ்டூலுக்கு அடியில் தானாக அசையும். வலதுகால் அசையாது. நான் அதைப் பார்க்காத மாதிரி டிபன் பாக்ஸைப் பார்ப்பேன்.

நான் பேரைப் பார்த்து எழுதுவேன். சோவியத் என்று எழுதினேன், பெல்ஜியத்திடம் தோற்றது. பிரேசில் என்று எழுதினேன், பிரான்ஸிடம் பெனால்ட்டியில் போனது. பிரான்ஸ் என்று எழுதியிருந்த நீ சிரித்தாய். "பேரப் பாத்து எழுதாதடா, காலப் பாத்து எழுது." ஆனால் டென்மார்க்கை நீயும் நம்பினாய். ஸ்பெயின் அவர்களுக்கு ஐந்து கோல் போட்ட செய்தி வந்த அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை.

அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டத்துக்கு நீ அர்ஜென்டினா என்று எழுதியிருந்தாய். சரியாகவே வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் நான் வந்தபோது நீ பேப்பரை முட்டியின்மேல் விரித்து வைத்திருந்தாய். அர்ஜென்டினாவின் முதல் கோல் கையால் தட்டிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். நீ சிவப்புப் பேனாவை எடுத்து, நீ எழுதியிருந்த அர்ஜென்டினாவின்மேல் கோடு போட்டாய்.

"டேய், அடிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?" என்றேன்.

"இந்த ஜெயிப்பு எனக்கு வேணாம்."

"ரெஃப்ரி பாக்கல. கோல் குடுத்துட்டான். கோல்னா கோல்தான். ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்டா."

வலதுகாலை இரண்டு கையாலும் பிடித்து நேராக நீட்டி வைத்துக்கொண்டாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய். "ரெஃப்ரி பாக்கலன்னா நடக்கலன்னு அர்த்தமாடா?"

அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாலையை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். எழுபத்துநாலில் நமக்கு இருபத்தோரு வயது. ஈசான்ய லிங்கத்தைத் தாண்டி இருந்த மைதானத்தில் ஊர் டீம்களுக்குள் நாக்-அவுட் போட்டி. பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் ஒன்றாகத் திரிந்தவர்கள், ஆனால் அன்று நீ உன் தெரு டீம், நான் என் தெரு டீம். மெட்ராஸில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்து கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எடுத்தால் வேலையும் உண்டு. அவர் யாரை எடுப்பார் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ பந்தை முன்னால் அடித்துவிட்டாய். ரெஃப்ரி பந்தின் பின்னால் ஓடினார். எல்லோர் கண்ணும் பந்தின்மேல் இருந்தது. நான் பின்னாலிருந்து உன் வலதுகாலை உதைத்தேன். உடைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த ஒரு மாலை மட்டும் நீ ஆடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சாலைவரை ஓடியது நான்தான். ஜட்காவில் என் மடியில் உன் தலை இருந்தது. "பள்ளத்துல கால வுட்டுட்டேன்டா" என்று நீ முனகினாய். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாய், உன் அப்பாவிடமும் அதையே சொன்னாய். உனக்கே தெரியாது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எலும்பு கூடியது. கால் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது. மெட்ராஸ்காரர் அன்று யாரையும் எடுக்காமல் போய்விட்டார். நீ இரும்புக் கடையில் உட்கார்ந்தாய். நான் பரீட்சை எழுதி தாலுகா ஆபீஸ் போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, தராசுக்குப் பின்னால், நான் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன். "நான்தான்டா" என்றேன்.

"தெரியும்" என்றாய்.

"எப்பத்திலிருந்து?"

"விழும்போதே. உன் காலு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ களைத்துப்போனவன் மாதிரி சொன்னாய். ஆணி கேட்டு ஒருவர் வந்தார். நீ எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய் எடை போட்டாய். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் நான் வரவில்லை. மத்தியானம் முழுக்க ஃபைலைத் திறந்து வைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அந்தத் தெருப்பக்கம் போகக்கூடாது, வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். நாலரை மணி இருக்கும். பியூன் வந்து, "சார், இரும்புக் கடை பாய் வந்துகிறாரு" என்றான். நீ சைக்கிள் ஓட்ட முடியாதவன். அந்தக் காலோடு வெயிலில் நடந்து வந்திருந்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் சுருட்டிய பழுப்புத் தாள்.

"ராத்திரி செமி ஃபைனல். எழுதாம எப்படிறா?" என்று என் மேஜையில் அதை விரித்தாய்.

"மன்னிச்சிட்டியாடா?" என்று கேட்டேன்.

"தெரியலடா. காலு தினம் வலிக்குது. மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாப் போவும்." பேனாவை என் கையில் வைத்தாய். "ஆனா உன்ன வுட்டா இந்த ஊர்ல எனக்கு மேட்ச் பேச யாரு இருக்கா? எழுது."

நான் மேற்கு ஜெர்மனி, அர்ஜென்டினா என்று எழுதினேன். நீ பிரான்ஸ், பெல்ஜியம் என்று எழுதினாய். இரண்டிலும் நீ தோற்றாய். இறுதி ஆட்டத்துக்கும் நீ அர்ஜென்டினா என்று எழுதவில்லை. ஜெர்மனி என்று அழுத்தி எழுதினாய். அர்ஜென்டினா ஜெயித்தது. "பரவால்ல போ" என்று தாளை மடித்து வைத்தாய்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாம் தினமும் பார்த்துக்கொண்டோம். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. எண்பத்தொன்பதில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். எட்டாம் நாள் நான் வந்தபோது கண் மஞ்சளாக, வயிறு வீங்கிக் கிடந்தாய். அடுத்த உலகக் கோப்பைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டாய். சொன்னேன். "நாலு வருஷத்துக்கு ஒரு வாட்டிங்கறது ரொம்ப ஜாஸ்திடா" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அது.

கபர்ஸ்தான்வரை உன்னைச் சுமந்தவர்களில் நானும் இருந்தேன். நாற்பதாம் நாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி என்னை எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். உன் ஆறு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "கால் ஒடஞ்ச அன்னிக்கு நீங்க மட்டும் தூக்கினு ஓடலன்னா காலே போயிருக்கும்னு அவரு எத்தினி தபா சொல்லியிருக்காரு தெரியுமாண்ணா. அதுக்காகவே ஒவ்வொரு ரம்ஜானுக்கும் மொதல் பிரியாணிப் பாத்திரம் உங்க வீட்டுக்குத்தான் அனுப்பச் சொல்லுவாரு."

அதைக் கேட்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உன்னிடம் பன்னிரண்டு வருஷம் செய்ததை உன் மனைவியிடமும் செய்யக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அவர் அழவில்லை. மகளை உள்ளே போகச் சொன்னார். பிறகு கேட்டார். "நான் உங்கள வெறுக்கக் கூடாதுன்னுதானே அவரு சொல்லாம இருந்தாரு. இப்ப ஏண்ணா சொன்னீங்க?"

நான் எழுந்து வந்தேன். அந்த ரம்ஜானுக்குப் பாத்திரம் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. கடையை விற்றுவிட்டு அவர்கள் வேலூருக்குப் போனதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் மகள் கல்யாணத்துக்குத் தபாலில் பத்திரிகை வந்தது. போனேன். வாசலில் உன் மனைவி என்னைப் பார்த்து, "வாங்க. சாப்ட்டுப் போங்க" என்றார். அண்ணா என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

உன் மனைவியிடம் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்பு என்று மட்டும் தெரியும். உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் சட்டென்று மௌனமாகி என்னைப் பார்த்தால், அது என் மனைவியாக இருந்தாலும், மகனாக இருந்தாலும், நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். இவர்களுக்கு நான் சொல்லாமல் விட்டது என்ன, எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன். சில நேரம் கேட்டும் விடுகிறேன்.