பின்னாலிருந்து நாலாவது

அக்கா, உங்கள் கம்பு ஆனி மாதமே வந்து சேர்ந்துவிட்டது.

என் மகள் செல்வி ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தபோது துணி சுற்றி, பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தாள். ஒல்லிக் கம்பு, தலையில் தோல் வார், நுனியில் கூர், கூருக்குக் கொஞ்சம் மேலே சின்னத் தட்டுப்போல ஒரு வளையம். இப்போது அதன் நுனியில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். சேறு எப்படி வந்தது என்று கடைசியில் சொல்கிறேன். பிடியை மூக்கருகே கொண்டுபோனால் நீங்கள் பனிப் பலகையின் அடியில் பூசுகிற மெழுகின் வாசனை இன்னும் அடிக்கிறது. மெழுகுவர்த்தியையும் தாரையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சிய மாதிரி ஒரு வாசனை.

கம்பு வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டு மங்கம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, மாங்கா பறிக்கிற தொரட்டியா? நம்ப பங்காருபாளையத்துக்கே பாரின்ல இருந்து தொரட்டி வருதா?"

"ஆமாண்டி. அந்த ஊரு தொரட்டிக்குக் கொக்கி வாணாம். மாங்கா தானா வந்து வளையத்துல உக்காந்துக்கும்."

நம்பிவிட்டாள். மறுநாள் காலையில் தோப்புக்கு இரவல் கேட்டு வந்து நின்றாள். நான் உள்ளே ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், இதைச் சொல்ல நீங்கள் இல்லையே என்று உறைத்தது. அன்றைக்கே எழுத நினைத்தேன், கை வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீங்கள் மட்டும் என்ன, தமிழை வாயால் பேசினீர்களே தவிர ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. சரிக்குச் சரி.

நீங்கள் முதலில் வந்தபோது இங்கே மாம்பழக் கூழ் ஃபேக்டரி புதிது. வெளிநாட்டு மிஷின்கள் வரிசையாக நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம். உங்கள் ஊர் மிஷினைப் பூட்ட ஃபிட்டர் ஒருவர் வருகிறார் என்றார்கள். கெஸ்ட் ஹவுஸ் சமையல் என்னுடையது. மீசை வைத்த ஆளாக இருப்பார் என்று நினைத்து ஆட்டுக்கறி வாங்கி வைத்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியதோ நீங்கள். ஒரு கையில் ஸ்பானர் பெட்டி, இன்னொரு கையில் சக்கரம் வைத்த இரண்டு நீளப் பலகைகள். ஜீப் ஓட்டிவந்த எங்கள் வீட்டுக்காரர் என் காதில், "கட்டில் சட்டத்தை ஊர்ல இருந்தே எடுத்தாந்துக்கிறாங்கடி" என்றார்.

அப்புறம் வருஷா வருஷம், மாங்காய் சீசன் முடிந்து மிஷினைப் பிரித்துப்போடும் புரட்டாசியில் வந்தீர்கள். தமிழை என் அடுப்படியில் கற்றுக்கொண்டீர்கள், அதனால் என் தமிழ்தான் உங்களுக்கு வந்தது. சென்னையிலிருந்து வந்த மேனேஜர் ஒருநாள் பவ்வியமாக, "மேடம், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நீங்கள் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "நான் அப்பவே துன்னுட்டேன். நீ துன்னியா?" என்றீர்கள். அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ரசத்துக்குத் தாளிக்க ஓடிவிட்டேன்.

விடிந்ததும் அந்தப் பலகைகளைக் காலில் கட்டி, இரண்டு கம்பையும் ஊன்றித் தள்ளிக்கொண்டு ரோட்டில் போவீர்கள். வெளிநாட்டு அம்மா தனியாகப் போகக்கூடாது, பின்னால் ஜீப் போகவேண்டும், துணைக்கு ஒரு பொம்பளையும் இருக்கவேண்டும் என்று கம்பெனி உத்தரவு. ஆக அவர் ஓட்ட, நான் மோர்ச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஜோடியாக ஊர்வலம் போனது உங்கள் புண்ணியத்தில்தான். வழியில் ஆடு மேய்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்: "பாவம், ரெண்டு காலும் வெளங்காது போல. வண்டி வெச்சுக்கினு போவுது."

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டபோதுதான் உங்கள் கதை வந்தது. ஜன்னல் வரை பனி மூடுகிற மலைக் கிராமம். பள்ளிக்கூடத்துக்கே பனியில் சறுக்குகிற பலகை கட்டிக்கொண்டு போவது. பனி இல்லாத ரோட்டில் பழக்கம் விடாமல் இருக்கத்தான் பலகைக்குச் சக்கரம். மலையுச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிற ஆட்டம் இல்லை இது. காடும் மேடுமாகப் பனியில் காலாலும் கையாலும் தள்ளிக்கொண்டே போகிற ஆட்டம். பள்ளிக்கூடத்தில் ஜெயித்து, ஜில்லாவில் ஜெயித்து, நாட்டு அணியிலேயே சேர்ந்துவிட்டீர்கள்.

"அப்ப மெடல் நெறைய இருக்குமே, எங்க காட்டு?"

"மெடல் மூணு பேருக்குத்தான். நான் நாலாவது. அடுத்த பந்தயம், அதுவும் நாலாவது. ஒருவாட்டி ஆறாவது. அப்பறம் மறுபடி நாலாவது."

"எங்க ஊரு பந்தியில எனக்கும் இதே கதிதாங்க்கா. முன்னாடி மூணு பேரு உக்காந்தாங்கன்னா வடை தீந்துடும்."

அன்றிலிருந்து உங்களுக்கு நான் வைத்த பேர் நாலாவது அக்கா. கோபமே வராது உங்களுக்கு. நான் மாவு அரைக்கும்போது பின்னால் நின்று, "ஹோப் ஹோப் ஹோப்!" என்று கத்திப் பழி வாங்குவீர்கள். உங்கள் ஊரில் பந்தயப் பாதையோரம் ஜனங்கள் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டு அப்படித்தான் கத்துவார்களாம்.

ஒருநாள் மட்டும் நீங்கள் சிரிக்காமல் பேசினீர்கள். உங்கள் ஊர்க் காட்டுக்குள் ஒரு நீளப் பந்தயம். அதில் நன்றாக வந்தால் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். பாதி தூரம் நன்றாகத்தான் போனீர்கள். திடீரென்று வெயில் அடித்தது. காலைக் குளிருக்கென்று பூசிய மெழுகு, வெயில் பட்ட பனிக்கு ஆகவில்லை. பனி பலகையின் அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது.

"தோசைக்கல்லு பழகலன்னா மாவு ஒட்டிக்குமே, அந்த மாரி" என்றீர்கள்.

"வெங்காயத்தைப் பாதியா வெட்டித் தேய்க்கிறதுதானே?" என்றேன்.

லேசாகச் சிரித்தீர்கள். "எல்லாரும் என்னைத் தாண்டிப் பூட்டாங்க. ஒரு வளைவு. காடு. மணி இல்ல, ஹோப் ஹோப் இல்ல, ஒரு சத்தம் இல்ல. உக்காந்துட்டேன். பலகையைக் கழட்டிட்டு நடந்து வந்துட்டேன்."

அத்தோடு அணியிலிருந்து பேர் போய்விட்டது. மிஷின் வேலைக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் அதே பந்தயத்தில் ஊர் ஜனங்களும் ஓடலாம் என்பதால் வருஷா வருஷம் போய் நின்றீர்கள். மெழுகு சரியாக இருக்கும், பலகை நன்றாக ஓடும், அந்த வளைவு வந்ததும் கால் நின்றுவிடும்.

"மெடல் வாணாம். நாலாவதும் வாணாம். ஒரேவாட்டி அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டணும். அது ஆவ மாட்டேங்குது."

இன்னொரு தோசை ஊற்றினேன்.

அந்தப் புரட்டாசியில் ஒரு லீவு நாள், நீளமாகப் போகவேண்டும் என்று பூதலப்பட்டில் ஜீப்பை விட்டு இறங்கிப் பலகை கட்டினீர்கள். திருப்பதி ரோடு. வேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடக்கிற மாதம். வெயிலில் சிவந்த முகமும் இரண்டு கம்பும் காலில் கட்டையுமாக நீங்கள் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தீர்கள். ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை.

"எவ்ளோ பெரிய வேண்டுதலோ! காலைக் கட்டையில கட்டிக்கினு ஏழுமலையானைப் பாக்கப் போறா மகராசி!"

ஓர் அம்மாள் ஓடிவந்து உங்கள் காலில் விழப் பார்த்தாள். பலகைக்கு பிரேக் கிடையாது. அவள்மேல் மோதாமல் விலகி நீங்கள் நேரே போய் நின்றது மோர்ப் பந்தலுக்குள். மோர் கொடுத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள், இரண்டு கம்பிலும் மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர், "ஐயோ, இவங்க எக்ஸர்சைஸ் பண்றாங்கம்மா" என்று விளக்கப்போனார். நான் அவர் வாயை அடைத்துவிட்டு, "வழி உடுங்க, சாமிக்கு வழி உடுங்க!" என்று முன்னால் ஓடினேன். அப்படி ஒரு வாய்ப்பு விட்டால் வருமா?

பனபாக்கம் மேட்டில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து யாரோ, "கோவிந்தா!" என்றார்கள். கூட்டம் முழுக்க, "கோவிந்தா!" என்றது. நீங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டீர்கள், "இன்னாத்துக்குக் கத்தறாங்க?"

"ஒருத்தர் கூப்புட்டா கூட வரவங்க பதில் குடுக்கணும்க்கா. நமக்கு முடியலன்னா நாமளே கூப்புடலாம். யாராச்சும் பதில் குடுத்துட்டாங்கன்னா அப்பறம் உக்கார முடியாது. வெக்கமா பூடும்."

"தெரியாதவங்ககூட பதில் குடுப்பாங்களா?"

"தெரிஞ்சவங்க எங்க குடுக்கறாங்க? இதோ, ஜீப்ல இருக்கற மனுசனைக் காலைல இருந்து கூப்புட்டுக்கினு இருக்கறேன்."

சிரித்தீர்கள். மறுபடியும் கம்பை ஊன்றித் தள்ளினீர்கள். சந்திரகிரி கோட்டை கண்ணில் படும்போது உங்கள் வாயிலிருந்து மெதுவாக, யாரிடமோ விலை கேட்கிற மாதிரி, ஒரு "கோவிந்தா" வந்தது. எங்கிருந்தோ இருபது முப்பது தொண்டை பதில் கொடுத்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு உங்களை ஜீப்பால் பிடிக்க முடியவில்லை.

மலையடிவாரத்து அலிபிரியில் பலகையை ஜீப்பில் போட்டுவிட்டு அந்தக் கூட்டத்தோடேயே படியேறினோம். மேலே போனதும் காலில் விழப் பார்த்த அதே அம்மாள் உங்கள் கையைப் பிடித்து நேரே முடி எடுக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டுக்காரர் வெளுத்துப்போனார். "அடியே, முடி போச்சுன்னா கம்பெனில என் வேலையும் போச்சு. தடுடி!"

"அக்கா, வாங்க போலாம்" என்றேன். அங்கே மட்டும் நான் விளையாடவில்லை.

"இதை எதுக்குக் குடுக்கறாங்க?"

"வேண்டிக்கினது நடக்கணும்னு குடுப்பாங்க. நடந்த பின்னாடியும் குடுப்பாங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு, வாங்க."

நீங்கள் உங்கள் பொன்னிற ஜடையை ஒருதரம் தொட்டுப் பார்த்தீர்கள். அப்புறம் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தீர்கள். எழுந்தபோது லட்டு மாதிரி இருந்தது தலை. என்னால் தாங்க முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். "காத்து தடுக்காது. வேகமா போலாம்" என்று தலையைத் தடவிக்கொண்டீர்கள். தரிசனத்துக்கு நாங்கள் போனபோது, கேட்டதைக் கேட்டாயிற்று என்று வெளியே உட்கார்ந்து எங்கள் செருப்புக்குக் காவல் இருந்தீர்கள்.

மாசியில் கெஸ்ட் ஹவுஸுக்கு போன் வந்தது. எடுத்ததும் ஒரே சத்தம்: "கோவிந்தா!"

"அக்கா! இன்னா ஆச்சு?"

"அந்த வளைவு வந்துச்சு. வெயிலும் வந்துச்சு. பனி ஒட்டிக்கிச்சு. காலு நின்னுடுச்சு. உக்காந்துட்டேன்."

"அப்பறம்?"

"கூப்புட்டேன். சத்தமா கூப்புட்டேன். காட்டுல யாருமே இல்ல. ரெண்டாவதுவாட்டி கூப்புட்டேன். பின்னாடி மரத்துக்கு அந்தாண்ட இருந்து, பந்தயத்துல வந்த ஒரு கெழவன் 'கோவிண்டா'ன்னான்! அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சொன்னான். வெக்கமா பூடுச்சு, எழுந்துட்டேன். நான் கூப்புட அவன் சொல்ல, கடைசி வரைக்கும் போயிட்டோம். கோட்டைத் தாண்டிட்டேன்!"

நான் போனைப் பிடித்துக்கொண்டே குதித்தேன். "எத்தினியாவது அக்கா?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் கிறீச்சிட்டது.

"நாலாவது. பின்னால இருந்து!"

பாக்கெட்டில் பாதி வெங்காயம் வைத்துக்கொண்டு போனதாகவும், பலகையில் தேய்த்துப் பார்த்ததில் கண்தான் எரிந்ததாகவும் சொன்னீர்கள். அதை நான் இன்றுவரை நம்புகிறேன்.

செல்வி நர்ஸ் படித்துவிட்டு உங்கள் நாட்டுக்கு வேலைக்கு வந்தபோது நீங்கள் ரயில் நிலையத்துக்குப் போய் நின்றீர்களாம். ஊரை நினைத்து அழுகை முட்டிக்கொண்டு வர இறங்கியவளிடம், முதல் வார்த்தையாக, "துன்னியா?" என்றீர்களாம். அழ வந்தவள் சிரித்துவிட்டாளாம். கடைசி நாட்களில் அவள்தான் உங்கள் பக்கத்தில் இருந்தாள். ஜோடிக் கம்பைப் பிரித்து, ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு என்று சொன்னீர்களாமே. "உங்க அம்மாக்கு முட்டி வலி. கம்பு இருந்தா நடக்க மாட்டேன்னு சாக்கு சொல்ல முடியாது."

போகும்போதும் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை நீங்கள்.

இப்போது சேற்றுக் கதை. இந்தப் புரட்டாசியில் உங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு திருப்பதிக்கு நடந்தேன். வருவதாகச் சொன்ன எங்கள் வீட்டுக்காரர், பழக்கதோஷம், பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். மழை பெய்து ரோட்டோரமெல்லாம் சேறு. சந்திரகிரி வரை போய்விட்டேன். கோட்டை தெரிகிற இடத்தில் முட்டி இரண்டும் முடியாது என்று நின்றுவிட்டன. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்ட அதே இடம். நானும் வாயைத் திறந்தேன். கோவிந்தா என்றுதான் கூப்பிடப் போனேன் அக்கா, சத்தியமாக. பிடியிலிருந்து அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. வாயில் வந்தது வேறு.

"ஹோப் ஹோப் ஹோப்!"

முன்னால் போன மஞ்சள் புடவைக் கூட்டம் நின்று திரும்பிப் பார்த்தது. வேலூர்ப் பொம்பளைகள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். எந்த ஊர்ச் சாமியாக இருந்தாலென்ன, கூப்பிட்டால் பதில் கொடுக்கவேண்டாமா? எல்லோருமாகச் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள்:

"ஓப் ஓப் ஓப்!"

அதற்கப்புறம் எப்படி அக்கா உட்காருவது? வெட்கமாகப் போய்விட்டது. நடந்தேன். அலிபிரிக்கு வந்து சேர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் எனக்குப் பின்னால் மூன்றே பேர்.