பெயின்ட் இன்ஸ்பெக்டர் ஊரில் இல்லாத வாரம்

3.12.91 செவ்வாய்

காலையில் தூறல். மண்ணெண்ணெய் தீர்ந்தது. ரேஷன் கடை போகணும்.

இவர் நேற்று புனேக்கு ரயிலேறிவிட்டார். ஃபேக்டரி ட்ரெய்னிங், ஒரு வாரம். கார் சாவி அரிசி டிரம்முக்குள். கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிஷம்.

லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம். மாமனார் வாங்கிய ஐம்பத்தேழு மாடல் காரை மட்டும் இவர் தொட விடுவதில்லை. "இதுவரைக்கும் ஒரு கீறல் கெடையாது. அப்பா வாங்குனப்ப இருந்த அதே பெயின்ட்." வருகிற விருந்தாளிக்கெல்லாம் இந்தப் பாட்டுதான்.

எடுத்தேன். வல்லக்கோட்டை. முருகன் தரிசனம். லாரி, மாட்டு வண்டி, ஃபேக்டரி பஸ் எல்லாம் தாண்டி பத்திரமாகத் திரும்பினேன். எங்கள் வீட்டு கேட்டில் நுழையும்போது இடப்பக்கத் தூண். முன் மட்கார்டு கையகலம் நசுங்கி, பெயின்ட் உரிந்துவிட்டது.

அழவில்லை. காபி போட்டுக் குடித்தேன். அப்புறம் அழுதேன். இதைப் பார்த்தால் ஜென்மத்துக்கும் சாவி கிடைக்காது.

4 புதன்

டெலிபோன் எக்சேஞ்சில் மதிய ட்யூட்டி கேட்டு வாங்கினேன். காலையில் பெங்களூர் ரோட்டில் பாஷா பாய் பட்டறை.

"நசுங்கல் ஒண்ணியும் இல்லமா, அரை நாள் வேல. கலருதான் பேஜாரு. இந்தக் கலரு எந்த டப்பாலயும் வராது. நாமதான் கலக்கணும்."

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது பாய்."

"அவரு இன்னா வேல பாக்குறாரு?"

"வண்டி ஃபேக்டரில. புது வண்டிங்கள்ல பெயின்ட் சரியா இருக்கான்னு பாக்குற இன்ஸ்பெக்டர்."

பாய் பீடியைக் கீழே வைத்தார். "இத மொதல்ல சொல்லணும்மா."

6 வெள்ளி

மேகமூட்டம். இடது கால் செருப்பு வார் அறுந்தது.

காரின் நிறம் பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. காய்ந்த முருங்கைக்கீரை மாதிரி. பாய் வெள்ளையில் கறுப்பு, மஞ்சள், நீலம் என்று சொட்டுச் சொட்டாக விட்டார். டப்பா மூடியில் தடவி, காயவைத்து, மட்கார்டை ஒட்டிய கதவோடு வைத்துப் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. ஏழாவது மூடி சேர்ந்தது. மாலைக்குள் அடித்தாயிற்று. கதவும் மட்கார்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பாய்க்குப் பெருமை, எனக்கும்தான்.

புனேயிலிருந்து ட்ரங்க் கால். "வண்டியத் தொடைக்கிறியா?" தினமும் துடைத்தாகிறது என்றேன். பொய்யில்லை. பாய் துடைக்கிறார்.

7 சனி

நல்ல வெயில். வினை.

வெயிலில் மட்கார்டும் கதவும் நீலம் பூத்து ஒரு நிறம். பானெட்டும் பின்பக்கமும் மஞ்சள் கலந்து வேறு நிறம். பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு ஏதோ தோன்றி, பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துவந்தார். பானெட்டில் வைத்தார், டப்பென்று ஒட்டியது. கதவில் வைத்தார், வழுக்கிக் கீழே விழுந்தது.

"கதவுல பட்டி கீதுமா, அதான் காந்தம் ஒட்டல. வெரல் தடிமனுக்கு. யாரோ எப்பவோ இட்ச்சி, பட்டி பூசி, மேல பெயின்ட் அட்ச்சிக்கிறாங்க. நானு அதப் போயி ஒரிஜினல்னு நம்பி கலந்துட்டேன்."

யாரோ. மாமனார் இடித்திருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பார். அவருக்குப் பிறகு இந்த வண்டியை ஓட்டியது ஒரே ஆள்.

பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

8 ஞாயிறு

லீவு நாளிலும் பாய் வந்தார். பானெட் ஓரத்தை பாலிஷ் போட்டுத் தேய்த்து, அதை வைத்து வெயிலிலேயே கலந்தார். மட்கார்டை மறுபடி அடித்தார். பானெட்டோடு அச்சாகச் சேர்ந்துவிட்டது.

"கதவயும் சேத்து அட்ச்சிடட்டா? எல்லாம் ஒரே கலராயிடும்."

"வேணாம் பாய். கதவு அப்படியே இருக்கட்டும். அந்தக் காந்தத்த மட்டும் ரெண்டு நாளைக்குக் குடுங்க."

பாய் என்னையே பார்த்தார். "நீங்க போலீசுல இருந்திருக்கணும்மா."

10 செவ்வாய்

வெயில். காலை இவர் வந்தார். கையில் பெட்டியோடு காரைச் சுற்றினார். மட்கார்டு அருகில் நின்றார். குனிந்தார். மோந்து பார்த்தார். ரப்பர் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பொட்டு பெயின்டை நகத்தால் சுரண்டினார்.

"மல்லிகா, இது யாரு வேல?"

"இடிச்சது நான். சரி பண்ணது பாஷா பாய்." காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன். வழுக்கி அவர் செருப்பின் மேல் விழுந்தது. "இது யாரு வேலங்க?"

உள்ளே போய் காபி கேட்டார். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"எங்க இடிச்ச?"

"நம்ம கேட்டுலதான். இடப்பக்கத் தூண்."

டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் அதே தூண்தான்."

வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டை. ஓட்டுவது நான். கேட் தாண்டும்வரை இவர் தூண் பக்கத்தில் நின்று கை காட்டுவாராம்.