நீ தூங்கிக்கொண்டு வந்த பாதை

இன்று காலை வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். இருக்கைக்கு அடியில் குழாயை நுழைத்துத் தூசி உறிஞ்சிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"பாய், இடது பக்க சீட்டுக்கடியில கெடந்துச்சு. தூக்கிப் போட்றவா?"

அவர் உள்ளங்கையில் ஒரு ஏலக்காய். பச்சையெல்லாம் போய்ப் பழைய ஓலையின் நிறத்தில் இருந்தது. வாங்கி நகத்தால் கீறினேன். இத்தனை நாள் கழித்தும் உள்ளே மணம் அடைபட்டுக் கிடந்தது. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

கியருக்கு முன்னால் இருக்கும் சின்னப் பள்ளத்தில் ஒரு டப்பா ஏலக்காய் எப்போதும் வைத்திருப்பாய். மலைப்பாதையில் எனக்குத் தலை சுற்றும் என்பதற்காக வைக்க ஆரம்பித்தது. கடைசியில் அது உனக்குத்தான் தேவைப்பட்டது. இன்று மேற்கு மலைக்கு மேலே கேரளத்து மேகம் திரண்டு நின்றது. சாரல் வருமுன் வீசும் காற்று உத்தமபாளையம் தெருக்களில் புகுந்து வந்தது. வண்டி காயும்வரை அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே உன்னோடு எங்கெங்கோ போய்விட்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஊரில் என்னைக் கார்க் கிறுக்கன் என்பார்கள். கடையில் மோட்டாருக்கும் குழாய்க்கும் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கம்பம் சாலையில் போகும் வண்டி எதுவென்று தலை நிமிராமல் சொல்லிவிடுவேன். கதவு சாத்தும் சத்தமே எனக்குப் போதும். இப்போது வரும் வண்டிகளுக்கெல்லாம் முகத்தில் ஏன் இத்தனை கோபம், விளக்குகளை ஏன் முறைக்கிற கண்களாக வைக்கிறார்கள் என்று நான் கவலைப்படுவேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" கொட்டுவாய். நம் நிக்காஹ் அன்று கோம்பையில் மாமனார் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளைப் பற்றித்தான் உன்னிடம் முதன்முதலாகப் பேசினேனாம். எனக்கு நினைவில்லை. நீ அதை ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்த எனக்கு ஓட்டத்தான் வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே தேனிவரை போய், பழனிசெட்டிபட்டியில் புகை வந்த பிறகு இறங்கிப் பார்த்திருக்கிறேன். இன்னொரு நாள் ஹேண்ட் பிரேக்கைப் போட மறந்து டீ குடிக்கப் போனேன். வண்டி தானாகவே மெல்ல நடந்து வந்து டீக்கடைத் தட்டியில் முட்டிக்கொண்டு நின்றது. என் கடை வாசலிலேயே பின்னால் எடுக்கும்போது அடுக்கியிருந்த குழாய்களில் இடித்து, அவை உருண்டு தெருவை அடைத்துக்கொண்டதை நீ மாடியிலிருந்து பார்த்தாய். திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாய்.

திராட்சைத் தோட்டம் உனக்கு நினைவிருக்கும். சுருளிப்பட்டிச் சாலை. படத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த ஒரு புது வண்டி எதிரே வந்தது. அது நம்மைக் கடந்து போகும்போது என் தலை அதன் பின்னாலேயே திரும்பியது. தலையோடு கையும் திரும்பிவிட்டது. நம் பழைய டீசல் வண்டி ஓரத்து வாய்க்காலைத் தாண்டி, இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பந்தலுக்குள் புகுந்து நின்றது. வெயில் எங்கோ போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே எங்கும் இலை, இலைக்குள்ளிருந்து ஒழுகும் பச்சை வெளிச்சம், முகத்துக்கு நேராகத் தொங்கும் கருங்குலைகள். நீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"பழுத்திருச்சு மச்சான்."

தோட்டக்காரர் ஓடி வந்தார். நமக்கு அடி ஏதும் இல்லை என்று தெரிந்ததும்தான் அவருக்குக் கோபமே வந்தது.

"என்ன பாய், ரோடு பத்தலயா ஒங்களுக்கு?"

நான் ரிவர்ஸ் போட்டேன். பின் சக்கரம் ஈரமண்ணில் சுற்றியது. மேலே கம்பி முறுகியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நீ என் கையைத் தொட்டு, "எந்திரிச்சு இங்கிட்டு வாங்க" என்றாய்.

"ஒனக்கு என்ன தெரியும்?"

"எங்க அத்தா டிராக்டர சேத்துக்குள்ள ஓட்டிருக்கேன். இது என்ன, அதுல பாதி."

மாமனாரின் டிராக்டரை நீ ஓட்டியது அன்றுவரை எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தாய். ஒரு மூச்சு முன்னால், ஒரு மூச்சு பின்னால் என்று வண்டியைத் தாலாட்டினாய். பிறகு ஒரு கம்பி அறாமல், வந்த தடத்திலேயே வெளியே எடுத்துவிட்டாய். தோட்டக்காரர் சாய்ந்த கல்தூணை மறந்து உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, வீடு வரைக்கும் நீயே ஓட்டிட்டுப் போ. பாய் பக்கத்துல சும்மா உக்காரட்டும்."

மறுநாள் நான் ஆளோடு போய்த் தூணை நிமிர்த்திக் கொடுத்தேன். நீ தேனிக்குப் போய் லைசென்சுக்கு எழுதிப் போட்டாய். "நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பள ஸ்டீரிங்கப் புடிச்சிருக்கா?" என்று என் அம்மா முனகிக்கொண்டே இருந்தார். நீ அதற்கும் "ம்" கொட்டினாய்.

அதன் பிறகு வந்த காலம் என் நினைவில் ஒரே நீண்ட சாயங்காலமாக இருக்கிறது. கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் நாட்களில், போக ஓரிடமும் இல்லாமல் கிளம்புவோம். சின்னமனூர் வாழைத்தோப்புகள், ஆற்றுப் பாலம், கூடலூர், லோயர் கேம்ப் என்று சாலை போகும் வரை போவோம். இரண்டு பக்கமும் மலை கூடவே வரும். நான் குதிரைத்திறன், முறுக்குவிசை என்று பேசிக்கொண்டே வருவேன். நீ வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு ஓட்டுவாய். உன் கையில் அந்தக் கிழட்டு வண்டி தண்ணீர் போல ஓடும். எப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்க காரப் பாக்குறீக, நான் ரோட்டப் பாக்குறேன்" என்றாய்.

கட்டப்பனையில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிய பகலைப் பிள்ளைகளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. குமுளி தாண்டி இறக்கம். தூறல். பின் இருக்கையில் அம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஏதோ பேசிக் களைத்துச் சற்று நிறுத்தியிருந்தேன். திடீரென்று நீ கேட்டாய்:

"மச்சான், ஏதோ ஒரு புது வண்டி, பிரேக்கு நல்லாருக்கும்னு சொன்னீகளே. அது எப்படின்னு சொல்லுங்க."

அத்தனை வருஷத்தில் ஒரு காரைப் பற்றி நீயாக என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் எப்படி விட்டுவிட்டுப் பிடிக்கும் என்பதை அக்கறையாக விளக்க ஆரம்பித்தேன். இன்ஜின் இரண்டாவது கியரில் அலறியது. பிறகு முதல் கியர். "ஏன் இப்புடிக் கத்த விடுற?" என்றேன். "நீங்க சொல்லுங்க, நிப்பாட்டாதீக" என்றாய். எதிரே மேலேறி வந்த பஸ்ஸுக்கு நீண்ட ஹார்ன் அடித்தாய். அது ஒதுங்கியது. ஹேண்ட் பிரேக்கை விரல் விரலாக இழுத்தாய். அப்போதும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வளைவு தாண்டி மலை நம் பக்கமாக வந்தது. நீ வண்டியை மண்சரிவோடு உரச விட்டாய். செடிகள் கதவைக் கீறின. ஒரு குலுக்கலோடு நின்றோம்.

"என்ன ஆத்தா, நிப்பாட்டிட்ட?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்ல மாமி. மழை நல்லாருக்கு. இங்கன கொஞ்சம் நின்னு போவோம்."

இறங்கி வண்டிக்குப் பின்னால் போனாய். நானும் வந்தேன். ஒரு கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாய்.

"பிரேக்கு இல்ல மச்சான். மேல இருந்தே இல்ல."

அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்தாய். "நீங்க பேசிக்கிட்டே வந்ததுனால மாமிக்குத் தெரியல. எனக்கும் பயம் தட்டல" என்றாய். தூரத்தில் மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் மழையில் மங்கித் தெரிந்தன. கீழே பள்ளத்தாக்கு முழுதும் மேகத்துக்குள் இருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. சில நாள் கழித்து மெக்கானிக் வாயால் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு அவர் ஸ்டீரிங்கைப் பற்றி முனகவில்லை. எங்கே கிளம்பினாலும், "மருமக ஓட்டுனா வாரேன்" என்பார்.

பிறகு உன் இடது மார்பில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். அதன் பிறகும் அங்கே போய்ப்போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இடது கை வீங்கிக் கனத்துப் போனது. கியரை நகர்த்தும்போது நீ உதட்டைக் கடிப்பதை இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை நீயே சாவியை என் கையில் வைத்தாய்.

"கியரே இல்லாத வண்டி வந்திருக்கு. வாங்கிருவோம். வலது கை மட்டும் இருந்தாப் போதும்" என்றேன். அந்த வண்டிகளைப் பற்றி எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தேன்.

"வேணாம் மச்சான். நீங்களே ஓட்டுங்க. நான் வேடிக்கை பாத்துக்கிட்டு வாரேன்."

அப்படித்தான் நீ இடது பக்கம் போய் உட்கார்ந்தாய். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. திராட்சைப் பந்தலுக்குள் போனவனை நம்பி, உடம்பில் மருந்து ஏறியவளை மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்னால்? முதல் பயணத்தில் உன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிப்பது போலத் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. நீ அதை மறைக்கப் பார்த்தாய். நானும் பார்க்காதது போல ஓட்டினேன்.

ஆனால் நீ சொன்னபடியே வேடிக்கையும் பார்த்தாய். ஒரு தடவை, "இங்கன ஒரு கொளம் இருக்கா!" என்று வியந்தாய். எத்தனையோ வருஷம் நீ ஓட்டிப் போன சாலை அது. இன்னொரு நாள் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் காற்றாலைக் காற்றாடிகள் சுற்றுவதைக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய். "நெசமாவே மெதுவாத்தான் சுத்துது. நம்ம வேகமாப் போறப்ப அப்படித் தெரியுதோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாய். ரோட்டை மட்டும் பார்த்து வந்த நீ இத்தனை நாள் எங்களையெல்லாம் அந்தக் குளத்தையும் காற்றாடியையும் பார்க்க விட்டிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மருந்து ஏறிய நாட்களில் திரும்பும்போது குமட்டல் வரும். ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாய். உசிலம்பட்டி வருவதற்குள் தூங்கிவிடுவாய். அந்தத் தூக்கம் உனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக் கட்டிலில் வலி உன்னைத் தூங்க விடாது. வண்டியில் மட்டும் தூங்குவாய். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் உடம்பு தூக்கிப் போடும். முகம் சுருங்கும். விழித்துக்கொள்வாய்.

சஸ்பென்ஷனைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன் நான். ஒரு வண்டியை ஒரு மேட்டின் மேல் ஏற்றி இறக்குவதை அந்தப் பயணங்களில்தான் கற்றுக்கொண்டேன். தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். மேட்டை நெருங்கும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். முன் சக்கரம் தானாக ஏறட்டும், இறங்கட்டும். பின் சக்கரத்துக்கும் அதே பொறுமை. எந்த ஊர் முகப்பில் தடை இருக்கிறது, எதற்கு வெள்ளைக் கோடு அழிந்துவிட்டது, எந்தப் பாலத்துக்கு அப்பால் தார் பெயர்ந்திருக்கிறது எல்லாம் எனக்குப் பாடமானது. பின்னாலிருந்து ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். புது வண்டி எது எதிரே வந்தாலும் என் தலை திரும்பவில்லை.

ஒரு சாயங்காலம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினோம், தேனியைத் தாண்டினோம், வீரபாண்டியைத் தாண்டினோம். நீ அசையவில்லை. சின்னமனூர்ப் பக்கம் வாழை இலைகளில் பொன்வெயில் விழுந்து கிடந்தபோதுதான் மெல்லக் கண் திறந்தாய். எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாய்:

"மச்சான், ஸ்பீடு பிரேக்கர் எல்லாத்தையும் எடுத்துட்டாகளா?"

நீ கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாய். "ஆமா, எடுத்துட்டாக" என்றேன். "நல்ல காரியம் பண்ணுனாக" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய். என் ஆயுளில் நான் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான். அது பட்டம் என்று உனக்குத் தெரியாது.

மாமரங்கள் பூத்திருந்த நேரத்தில் நீ போனாய்.

இப்போதும் மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது, கடைக்குச் சரக்கு எடுக்க. சில சமயம் மகள் கூட வருவாள், பின் இருக்கையில். போன வாரம் அவள் பொறுமை இழந்து கேட்டாள்:

"அத்தா, ரோடு காலியாத்தான கெடக்கு? ஏன் இம்புட்டு மெதுவா?"

"பழகிப் போச்சும்மா" என்றேன்.

முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. தூரத்திலேயே காலை எடுத்தேன். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரமும் ஏறி இறங்கியது. இடது பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

நீ விழித்துக்கொள்ளவில்லை.