முன் சீட்

7 ஜூலை 2003, திங்கள்
இன்று ஜெயம் எனக்கே! ஆபீஸ் சுமோ வண்டி பொம்மனஹள்ளியில் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை முன் சீட்டில் வீசிவிட்டேன். என்னோடு ஏறும் அக்கவுன்ட்ஸ் சேஷகிரி கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் போய் உட்கார்ந்தார். வைட்ஃபீல்ட் வரை காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி போனேன். பின்னால் மடங்கி உட்கார்ந்தால் என் முழங்கால் அன்று முழுக்க என் பேச்சைக் கேட்பதில்லை.

டிரைவர் கோவிந்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், எல்.கே.ஜி. பசங்க தேவலை!"

8 ஜூலை
இன்று சேஷகிரி எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்! போச்சு. முழங்கால் வலி.

10 ஜூலை
வீட்டில் உஷா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "காது ஓரம் நரைச்சாச்சு. பஸ்ஸுல துண்டு போடற புத்தி மட்டும் போகலை. எப்பங்க வளருவீங்க?"

ஆறடி வளர்ந்ததுதான்டி பிரச்சினை என்றேன். முறைத்தாள்.

14 ஜூலை, திங்கள்
முன் சீட் எனக்கு. ஆனால் —

பின்னால் உட்காரும் நாளெல்லாம் சேஷகிரி ஆபீஸுக்கு முந்தின திருப்பத்திலேயே இறங்கிவிடுவார். நடந்தால் உடம்புக்கு நல்லதாம். இன்று டிபன் பையை மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மனுஷன் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பின் சீட் குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவர் என்னைப் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன். பையை ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டார். ரிட்டயர் ஆகப்போகிற மனுஷன், கௌரவம். நானா இருந்தா மட்டும் சொல்லியிருப்பேனா? சே, மனசே சரியில்லை.

15 ஜூலை
"சார், நீங்களே முன்னால உக்காருங்க. எதிர்ல லாரி வந்தா எனக்குப் படபடன்னு அடிச்சுக்குது" என்றேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அவர் இந்த வண்டியிலேயே ஏற மாட்டார். வேறென்ன சொல்ல?

18 ஜூலை
வண்டி நிறைய ஆள். சேஷகிரி முன்னாலிருந்து திரும்பி, "நம்ம பாலகுமாருக்கு லாரின்னா பயம்! அதான் சீட்டை எனக்கு விட்டுட்டார், பாவம்" என்று எல்லோர் முன்பும் போட்டு உடைத்தார். அடப்பாவி!

ஒரே சிரிப்பு. டெஸ்டிங் தர்ஷினி, "கண்ணை மூடிக்கோங்க சார், லாரி வருது!" என்கிறாள். நேற்று சேர்ந்த பெண்!

அந்த வாந்தி விஷயம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே வார்த்தை போதும், மனுஷன் முகம் தொங்கிப்போகும். பார்த்தேன். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "லாரி போயிடுச்சா?" என்றேன்.