மோதலாம்

ஈஸ்ட் ஹாம்

அன்புத் தங்கச்சிக்கு,

பேரப்பிள்ளையளில ஷெறோன் டொக்டருக்குப் படிக்க எடுபட்டிட்டாள். ஜெஸ்ரின் நீச்சலில முதலாவது. சின்னவன் கிருசாந்தனுக்குச் சரித்திரக் கட்டுரைக்குப் பரிசு. கட்டுரை என்னெண்டா, அந்தக்காலத்தில இங்கிலாந்து ஆமி, தாங்கள் ஆண்ட அமெரிக்காவில சனத்தைச் சுட்டதாம்.

"அது மோதல், அம்மம்மா. இரண்டு பக்கமும் பிழை. சனமும் பனி உருட்டி எறிஞ்சதுதானே" எண்டான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பனி பட்டு எத்தினை ஆமி செத்ததடா?" எண்டு கத்திப்போட்டன்.

மீன் வாங்கப் போன உன்ர மனுசனை அங்க ஆமி சுட்டுப்போட்டும் "மோதல்" எண்டுதானே ரேடியோவில வாசிச்சவங்கள்.

இவனுக்கு அவரைக் காட்டவேணும். என்னட்டை இருக்கிற படம் முகத்தோட முடியுது. புதுசா ஒண்டு கழுவித் தபாலில போடு. இரண்டு வெறுங்கையும் வடிவாத் தெரியவேணும்.

கோவம் ஆறாத,
உன்ர அக்கா